கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நடந்த 'மனத்தைப் படிக்கும்' நிகழ்ச்சி பற்றிய செய்தியை ஞாயிறு பதிப்பில் படித்தேன். 'எதையும் கேட்காமலேயே உள்ளத்தில் இருப்பதைச் சொன்னார், இது தெய்வம் கொடுத்த வரம்' என்று நிகழ்ச்சி நடத்தியவரைப் பற்றி உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

கேட்டார், ஐயா. விடாமல் கேட்டார். "மு... மு-வில் பேர், தவறிப்போன பெரியவங்க" என்று கூட்டத்தைப் பார்த்து இழுத்தார். தோட்டத்திலிருந்து வந்த எங்களில் ஒரு முனியாண்டியோ முனியம்மாவோ முத்துவோ இல்லாத குடும்பம் உண்டா? கை தூக்கியவர்களில் கண் கலங்கிய ஓர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்க யாரும் சிங்கப்பூர்ல இல்லையே?" என்றார். "இருக்கான்" என்றார் அந்த அம்மா. "அதான் தெரியுது!" மண்டபமே கை தட்டியது. "இல்லை" என்று சொல்லியிருந்தாலும், "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றிருப்பார். அப்புறம் கால்வலி, இனிப்பு நீர், தூக்கமின்மை என்று அடுக்கிக்கொண்டே முகத்தைப் பார்த்தார். முகம் மாறிய இடத்தில் நிறுத்திக்கொண்டார். இது வித்தை, நன்றாகவே செய்தார். அப்படி எழுதியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கும், தனித்தனியே கணித்தது என்று சொல்லி, ஒரே குணவிவரத்தைக் கொடுத்தார். பெரும்பகுதி சோதிடப் புத்தகத்தில் எடுத்தது. அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்குச் சுமார் 4.3. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

தெரிந்தும் இப்படிப் போடுவதுதான் வலிக்கிறது. அண்ணன் தவறியபோது, இதே மாதிரி கேட்டுக் கேட்டுச் சொன்ன ஒருவரிடம் என் அண்ணி சேமநிதிப் பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தார். "மனக்குறையோடு போயிருக்கிறார், பரிகாரம் செய்ய வேண்டும்" என்றாராம். வெயிலில் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு. அந்த ஆளின் விளம்பரம் அப்போது வாராவாரம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் போட்டியில் பரிசு வாங்கிய செய்தியைப் படத்தோடு அனுப்பினேன், இடமில்லை என்றீர்கள். இதற்கு வண்ணத்தில் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம்தான். அவர் கேள்வி கேட்டுத்தான் சொன்னார் என்று, செய்தி வந்த அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். போன தடவை போல என் கடிதத்தைப் பாதியில் வெட்டுவதானாலும், அண்ணியைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். அவரே எழுதச் சொன்னது அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்