ஓடிபி மெசேஜ்ல அந்த ஆறு நம்பர மட்டும் பாக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்க அம்மாவுக்கு ஒரு மெசேஜ், பார்சல் வந்திருக்கு அட்ரஸ் சரியில்ல, மறுபடி டெலிவரி பண்ண 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 99 காசு கட்டுங்கன்னு. நிஜமாவே ஊர்லேர்ந்து மாமா அனுப்பின பார்சல் வரவேண்டியிருந்துச்சு, அதனால சந்தேகமே படாம லிங்க தட்டி கிரெடிட் கார்டு நம்பர், பின்னாடி இருக்கிற மூணு நம்பர், கடைசியா ஃபோனுக்கு வந்த ஓடிபி (ஒரு தடவை மட்டும் செல்லுற ரகசிய நம்பர்) எல்லாத்தையும் போட்டுட்டாங்க. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 480, 460, அப்புறம் 700, மொத்தம் 1,640 வெள்ளி ஏதோ வெளிநாட்டு கடையில போயிடுச்சு.

ராத்திரி நான் அந்த ஓடிபி மெசேஜ திறந்து பாத்தேன். 1.99ன்னு அதுல எங்கேயும் இல்ல! உங்க கார்ட மொபைல் வாலெட்ல சேக்குறதுக்கான நம்பர், யாருக்கும் குடுக்காதீங்கன்னுதான் இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அதாவது திருடனோட ஃபோனுக்குள்ள அம்மாவே கார்ட வச்சுக் குடுத்த மாதிரி ஆகிப்போச்சு, இனிமே அவன் எந்த ஊர் கடையிலயும் ஃபோன காட்டி பொருள் வாங்கிட்டு போகலாம், ஒவ்வொரு தடவையும் நமக்கு ஓடிபி வராது.

எங்க அப்பா இருந்தவரைக்கும் செக் எழுதினா மூலையில ரெண்டு கோடு போடுவாரு, 'ஆர் பேரர்'ங்கிறத, அதாவது கொண்டு வர்றவங்க யாருக்கும் குடுக்கலாம்ங்கிற வார்த்தைய, அடிப்பாரு, தொகைக்கு அப்புறம் இருக்கிற காலி இடத்துல யாரும் எதுவும் சேத்து எழுத முடியாதபடி நீளமா ஒரு கோடு இழுப்பாரு. பக்கத்துல உக்காந்து அதெல்லாம் பாத்தவங்கதான் அம்மா. ஆனா செக்ல யாருக்கு எவ்வளவுன்னு நாமளே எழுதுறோம், ஓடிபில எவனோ எழுதினதுக்கு நாம கையெழுத்து போடுறோம், அதுவும் படிக்கத் தெரியாத மொழியில.

எனக்கு ரொம்ப வலிச்சது இன்னொண்ணு. மத்தியானமே அம்மாவுக்கு ஏதோ தப்புன்னு பட்டிருக்கு, நான் திட்டுவேன்னு பயந்து வேலை முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் சொல்லல, அந்த 700 வெள்ளி போனது அந்த இடைவெளியிலதான். பேங்க் ஆப்ல கார்ட பூட்டுறது ஒரு நிமிஷ வேலை. தயவுசெஞ்சு வீட்ல பெரியவங்க இப்படி வந்து சொன்னா முதல்ல கார்ட பூட்டுங்க, பேங்க்குக்கு ஃபோன் போடுங்க, ஏன் பண்ணீங்கன்னு கேக்குறதெல்லாம் அப்புறம். மெசேஜ் உண்மையா பொய்யான்னு சந்தேகம்னா மோசடி பத்தி கேக்குறதுக்குன்னே இருக்கிற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்கு எந்த நேரமும் கூப்பிட்டு கேக்கலாம், இத அம்மா ஃபோன்ல பெருசா சேவ் பண்ணி வச்சிருக்கேன். கார்டு அலர்ட் 500 வெள்ளிக்கு மேலன்னு இருந்துச்சு, அதான் முதல் ரெண்டு தடவ சத்தமே வரல, இப்ப 1 வெள்ளின்னு மாத்திட்டேன்.

பணம் திரும்ப வருமான்னு இன்னும் தெரியல, ஓடிபிய நீங்களேதான குடுத்தீங்கன்னு பேங்க்ல கேக்குறாங்க.

பேங்க்குங்க இது எதுக்கான ஓடிபின்னு சொல்ற அந்த ஒரு வரிய தமிழ், சீனம், மலாய்லயும் அனுப்பலாமே? அதுவரைக்கும் நீங்களாவது இந்த மாதிரி ஓடிபி மெசேஜ் ஒண்ண படமா போட்டு, எந்த வரிய படிக்கணும், அதுக்கு தமிழ்ல என்ன அர்த்தம்னு பெரிய எழுத்துல போடுங்க. வெட்டி எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டுறேன், கீழ் மாடி பாட்டிக்கும் ஒண்ணு குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்