கோழி அடைந்த பிறகும் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீவனம், தடுப்பூசி, முட்டை எல்லாம் விரிவாகவே இருந்தது. இரவைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. பொழுது சாய்ந்ததும் அடைத்து, இடுக்கில்லாமல் மூடிவிட வேண்டுமாம். முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்து கெட்டேன், அதனால் எழுதுகிறேன்.

அப்போது மழைக்காலம். சாரல் அடிக்குமே, குளிருமே என்று கூட்டின் நாலு பக்கமும் சாக்கைக் கட்டி, மேலே தார்ப்பாயையும் போட்டு இறுக்கிவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்து தலையை நீட்டினால் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே ஒரு கோழி கொர் கொர் என்று மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. பகலில் போடும் எச்சம் கொல்லை முழுக்கச் சிதறிவிடும். இரவில் போடுவது அத்தனையும் அது உட்காரும் கம்புக்கு நேர் கீழே குவியும், அந்த ஈரக் குவியலிலிருந்து கிளம்புவதுதான் அம்மோனியா. ராத்திரி முழுக்க அதை இழுத்தால் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்ணாகிச் சளி நோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் ஓரளவு குளிரை அதுவே தாங்கிக்கொள்ளும். ஈரமும் கெட்ட காற்றும்தான் அதற்கு ஆகாது. வெக்கை நாளில் மூடினால் இன்னும் மோசம், கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும்.

சரி, இடுக்கு விட்டால் ஏதாவது நுழைந்துவிடாதா? நுழையும், அதனால்தான் எங்கே விடுவது, எதனால் மூடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. காற்று போகும் வழி கூரையை ஒட்டி, உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்கட்டும். அதில் அடிக்க, கோழிவலை என்று விற்கிறார்களே அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலை, அது வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லாலேயே கிழித்துவிடும், கண் பெரிதாக இருந்தால் எலியும் பாம்பும் தாராளமாகப் போய்வரும். அரை அங்குலச் சதுரக் கண் வெல்டு மெஷ்ஷை, அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலையை, ஆணியில் தொங்கவிடாமல் திருகும் வாஷரும் போட்டு முடுக்குங்கள். கீழே மண் தரை என்றால் அதே வலையைச் சுற்றிலும் ஒரு அடி ஆழம் புதைக்க வேண்டும், தோண்டிக்கொண்டு வருகிறவை சுவர் ஓரமாகத்தான் தோண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மூக்கால் முட்டித் தூக்கினாலே கழன்றுவிடும்.

கம்பு முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியிலேயே படுத்து எச்சம் போட்டு முட்டையெல்லாம் நாறும். கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் விட்டு, எல்லாக் கம்பையும் ஒரே மட்டத்தில் வைத்தால் உச்சி இடத்துக்கு நடக்கும் மாலைச் சண்டை குறையும்.

சாத்துவதற்கு முன் எண்ணுங்கள். இருட்டும்போது அதுவே கூட்டுக்கு வந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் எங்காவது மாட்டிக்கொண்டு பிந்திய கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, நின்ற இடத்திலேயே முடங்கிவிடும். தானாக மூடும் கதவு வாங்கியவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், அதற்கு மூடத் தெரியும், எண்ணத் தெரியாது. கூட்டில் இரவெல்லாம் விளக்கு எரிய விடுவதும் கூடாது, தூக்கம் கெட்டால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும்.

எனக்குப் பிடித்த வேலை அடைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போவது. பகலில் துரத்தினாலும் சிக்காத கோழி அப்போது பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். கழுத்தடியில் தின்ற தீனி சேரும் பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருந்தால் சரி, காலியாக இருந்தால் அந்தக் கோழிக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை. அமைதியில் தும்மலும் கரகரப்பும் தெளிவாகக் காதில் விழும். கம்பு சுவரில் சேரும் இடுக்கிலும் கம்பின் அடியிலும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். செல் என்கிற பொடிப் பூச்சி பகலில் அங்கே ஒளிந்துகொண்டு ராத்திரிதான் ஏறி ரத்தம் குடிக்கும், பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். விரலால் தேய்த்தால் சிவப்பாகக் கோடு விழும்.

தீவனத் தட்டை ராத்திரியில் எடுத்துவிடுங்கள், எலி அதற்குத்தான் வருகிறது. சிப்பித் தூளை மட்டும் சாயங்காலம் கிடைக்கும்படி வையுங்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் நேரம்.

அன்று மூச்சுவிட முடியாமல் இருந்த என் கோழி பிழைத்துக்கொண்டது, ஆனால் மறுபடி முட்டையிட வெகுநாள் ஆனது. அடுத்த கட்டுரையில் இரவுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கொல்லையில் ஆறு கோழி வைத்திருக்கும் வாசகர்