மனு போட்டு வாங்கும் விருது

தஞ்சாவூர்
20.1.2025

மாப்ளே,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்னாடியே வந்துவிட்டது. கரும்பு, விருந்தாளிகள், வயிற்றுக்கோளாறு எல்லாம் ஓய்ந்து இன்றைக்குத்தான் பேனாவை எடுக்க முடிந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னுடையதைக் கேட்காதே.

வெள்ளிக்கிழமை தேசிய விளையாட்டு விருது விழாவைப் பார்த்தாயா? ராஷ்டிரபதி பவனிலிருந்து நேரடியாகக் காட்டினார்கள். "பாட்டு, டான்ஸ் எதுவும் கிடையாதா தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் பேரன் எழுந்து போய்விட்டான். கிடையாதுதான். பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஆள் நடந்து வருகிறார், சாதனையை வாசிக்கிறார்கள், குடியரசுத் தலைவர் விருதைக் கொடுக்கிறார், போட்டோ, அடுத்த ஆள். சிறந்த ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருது மட்டுமே 32 பேருக்கு. அதில் 17 பேர் மாற்றுத்திறனாளிகள். எனக்கென்னவோ அலுக்கவில்லை.

செஸ் ஆடும் நம்ம குகேஷுக்கு, விளையாட்டில் நாட்டின் மிக உயர்ந்த விருதான கேல் ரத்னா. உலக சாம்பியனாகி ஒரு மாதம்தான் ஆகிறது, வயது 18. அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே மானுவேல் ஆரோன் வாங்கினார். கேல் ரத்னாவுக்கு முதல் ஆளே ஆனந்த். செஸ் என்றால் நம்மாட்கள் எப்போதும் வரிசையில் முன்னால்தான். துளசிமதியும் மனிஷாவும் பாரிஸ் பாராலிம்பிக் பாட்மின்டன் அரையிறுதியில் எதிரெதிரே நின்று ஆடியவர்கள். துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம், வேறொரு பிரிவில் நித்ய ஸ்ரீக்கும் வெண்கலம். இப்போது மூவருக்கும் ஒரே நாளில் அர்ஜுனா.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முரளிகாந்த் பெட்கருக்காக. 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அர்ஜுனா வந்து சேர 52 வருடம்! 80 வயசு மனுஷன் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வர, மண்டபம் முழுக்கக் கைதட்டல். குகேஷுக்குக்கூட அவ்வளவு தட்டியதாகத் தெரியவில்லை. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் துப்பாக்கி சுடும் மனு பாக்கர் கதை உனக்குத் தெரியுமே. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய பெண். கேல் ரத்னாவுக்கு முதலில் பேச்சில் அடிபட்ட பட்டியலில் பெயர் இல்லை. விண்ணப்பத்தில் தன் பக்கமே ஏதோ தவறு நடந்திருக்கலாம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டது. மனுவே மனு போட்டால்தான் விருதா என்று நம் டீக்கடையில் ஒரே சிரிப்பு. கடைசியில் கொடுத்துவிட்டார்கள், சரி. ஆனாலும் ஜெயித்தவரே தன் பெருமையைப் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. மெடல் எண்ணிக்கை ஆபீசுக்குத் தெரியாதா என்ன?

மாவட்டப் பூப்பந்துப் போட்டியில் ஜெயித்துவிட்டு, சான்றிதழுக்காக நாம் நாலு தடவை சைக்கிள் மிதித்தது ஞாபகம் வந்தது. "லெட்டர் எழுதிக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாரே அந்தக் கிளார்க்! நீ அங்கேயே நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதினாய்.

உன்னுடைய சான்றிதழ் இன்னும் இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. என்னுடையது கறையானுக்குப் போய்விட்டது, பேரன் நம்ப மாட்டேன் என்கிறான்.

உன்,
பழைய பின்வரிசை ஆட்டக்காரன்