மதுரையில் அறை எடுக்கும் முன் கோயில் நடை நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு மதுரை வர நினைக்கும் குடும்பங்கள் இப்போதெல்லாம் செல்போனிலேயே அறை பார்த்துவிடுகின்றன. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைவிட மாட்டுத்தாவணி, காளவாசல், பசுமலை, ஒத்தக்கடை, ரிங் ரோடு பக்கம் அதே வாடகைக்குப் பெரிய அறை கிடைக்கும். கார் நிறுத்தவும் இடம் உண்டு. அங்கே தங்குவதில் தவறே இல்லை. ஆனால் வாடகையையும் கிலோமீட்டரையும் பார்ப்பவர்கள் கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பார்ப்பதில்லை. மதுரையில் எங்கே தங்குவது என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்க வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயில் நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30க்குச் சாத்தப்படும், மறுபடி மாலை 4 முதல் இரவு 10 வரை. டவுன்ஹால் ரோட்டிலோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ தங்கியவர்கள் இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தில் நடந்தே அறைக்குப் போய், சாப்பிட்டுப் படுத்து எழுந்து வந்துவிடலாம். ரிங் ரோட்டில் தங்கியவர்களுக்கு அந்த ஓய்வில் பாதி ஆட்டோவிலேயே கழிந்துவிடும். மாலையில் கோரிப்பாளையம் நெரிசல் வேறு. வைகைக்கு வடகரையில் அறை எடுத்தால் ஆற்றைக் கடக்காமல் கோயிலுக்கு வர முடியாது. 1889-ல் திறந்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் இன்றும் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் தங்கி, காலையும் மாலையும் கோயிலுக்கு வந்து போனால் எட்டு முறை பயணம். ஒரு முறைக்கு ஆட்டோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2,000 ரூபாய். வாடகையில் நாளுக்கு 600 மிச்சம் பிடித்தவருக்குக் கையை விட்டு 800 போகிறது. அதனால் அறை தேடும்போது தூரத்தைவிட, வாசலில் எந்த டவுன் பஸ் நிற்கும் என்று கேட்பதே முக்கியம். மாட்டுத்தாவணி, திருப்பரங்குன்றம் இரண்டிலிருந்தும் பெரியார் பஸ் நிலையத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் நடத்துநரிடம் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாலு கிலோமீட்டரில் இருந்தும் பஸ் நிறுத்தம் இல்லாத விடுதியைவிட, எட்டு கிலோமீட்டரில் பஸ் வழித்தடத்தில் உள்ள விடுதி மேல். பெயரில் மதுரை என்று போட்டுக்கொண்டு, திருமங்கலம் பக்கம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விடுதிகளும் உண்டு. செயலி காட்டும் தூரம் பல நேரம் நேர்கோட்டுத் தூரம். விடுதிக்குப் போன் செய்து, பெரியாரிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்குவது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

வெளியே தங்குபவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது செல்போன் விஷயத்தில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. செல்போனையும் செருப்பையும் ஒரு கோபுர வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். நான்கு கோபுரமும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தெற்கில் கொடுத்துவிட்டு மேற்கில் வெளியே வந்தால், சித்திரை வெயிலில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டும். குழந்தைகள் துடித்துப்போவார்கள். எந்தக் கோபுரம் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைப் பெரியவர் ஒருவர் பத்திரப்படுத்தட்டும். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வாகனம் வராது. ஆட்டோவைச் செயலியில் பதிவு செய்யும்போது ஏறும் இடமாகக் கோபுர வாசலைப் போடாமல், அவற்றுக்கு வெளியே உள்ள மாசி வீதி முனை ஒன்றைப் போட வேண்டும்.

இரவில் சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதைக் காணாமல் ஊர் திரும்புவது பெரிய இழப்பு. அதைப் பார்த்து முடித்து, செல்போன் வாங்கி வெளியே வரும்போது நேரம் பத்தை நெருங்கியிருக்கும். மாட்டுத்தாவணி பஸ் நிலையப் பக்கம் தங்கியவர்களுக்குக் கவலை இல்லை. மற்ற தடங்களில் அந்நேரம் பஸ் குறைந்துவிடும். திரும்பும் ஆட்டோவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நடை சாத்தியிருக்கும் பகல் நேரத்தில் வெளியே தங்கியவர்கள் அறைக்கு ஓட வேண்டாம். திருமலை நாயக்கர் மகால் மாலை 5 வரை திறந்திருக்கும். அங்கே நிழலும் உண்டு. முதியவரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் இந்த யோசனை ஒத்துவராது. அவர்களுக்காக வாடகை கூடினாலும் கோயிலைச் சுற்றியுள்ள வெளிவீதி என்னும் தெருக்களுக்குள் அறை எடுப்பதே சரி. கீழடி, அழகர்கோவில், யானைமலை நரசிங்கம் கோயில் என்று ஒரு முழு நாள் ஊருக்கு வெளியே சுற்றுவதானால் வெளியில் தங்குவதே லாபம். ஆனால் திசை பார்த்துத் தங்க வேண்டும். கீழடிக்கு விரகனூர் பக்கம், நரசிங்கத்துக்கு ஒத்தக்கடை, அழகர்கோவிலுக்குத் தல்லாகுளத்துக்கு வடக்கே.

சித்திரைத் திருவிழாவில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில், அவர் மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரும் வழியெல்லாம் கூட்டம் நிறைந்திருக்கும். அழகர்கோவில் சாலை விடுதிக்குக் காரோடு வந்தவர்கள் வெளியே எடுக்க முடியாமல் நிற்பார்கள். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் அந்த நாட்களில் அங்கே தங்குவது சரிப்படும்.

டவுன் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. வெளியே பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் அறை தருவார்கள். விடியற்காலை ரயிலில் இறங்குபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். வரி சேர்த்து எவ்வளவு என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முகூர்த்த நாளில் மண்டபம் உள்ள விடுதியைத் தவிர்த்தால் இரவு தூங்கலாம்.

சுற்றுலாத் துறையும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விடுதிகள் தங்கள் விளம்பரத்தில் கோயிலுக்கான சாலைத் தூரத்தையும் பக்கத்து பஸ் நிறுத்தத்தின் பெயரையும் போட வேண்டும் என்று சொல்லலாம். ரயில் நிலையத்திலும் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பஸ் நிலையங்களிலும் கோயில் நடை நேரத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்கலாம். மாசி வீதிகளில் பை வைக்கவும் குளித்து உடை மாற்றவும் கட்டண இடங்களைக் கூட்டலாம். அடுத்த சித்திரைக்குள் இவற்றைச் செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், மதுரை