பட்டியலோடு சந்து சந்தாக நடந்தவர்களுக்கு

கொருக்குப்பேட்டை,
மே 2021

எங்கள் பாகத்து வாக்காளர்களுக்கும் கழக உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

ஆர்.கே.நகரில் உதயசூரியன் ஜெயித்துவிட்டது. 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசம். வெடி கூடாது, ஊர்வலம் கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. கொரோனா பயத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கித் தரக்கூட வழியில்லை. அதனால்தான் இந்த மடல்.

2017 இடைத்தேர்தலை நான் மறக்கவில்லை. டிசம்பர் 24 அன்று எண்ணி முடித்தபோது நமக்கு 24,651 வாக்கு. டெபாசிட் போச்சு. குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் ஜெயித்தார். சாயங்காலம் டீக்கடையில் ஒருவர், "குக்கர் விசில் கேட்டுச்சா தம்பி?" என்றார். டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். காசால்தான் தோற்றோம் என்று அதற்கப்புறம் நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். காசு ஓடியது பொய்யில்லை. அந்த ஏப்ரலில் நடக்கவேண்டிய தேர்தலே அதனால்தான் ரத்தானது. ஆனால் நம் பழைய ஓட்டு எங்கே போனது? இரட்டை இலை ஓட்டு இரண்டாகப் பிரியும், நடுவில் நாம் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். கணக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனோம்? நான் போகவில்லை. பொதுக்கூட்டத்துக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை போனோம். முதல் நன்றி எங்கள் தெருவில் பி.காம் படிக்கும் தங்கச்சிக்கு. கட்சியில் உறுப்பினர்கூட இல்லை. "அண்ணா, பேனாவால் கிறுக்காதீங்க, பென்சில் குடுங்க" என்று பட்டியலைப் பிடுங்கிக்கொண்டது. இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் கோடு, வீடு மாறினவருக்கு வட்டம், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவருக்குப் பெருக்கல் குறி. மூன்று ஞாயிற்றுக்கிழமை, பக்கம் பக்கமாக. அந்த வட்டங்களில் பாதி, குடிசையை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள். பெயர் இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசியதும் அந்தத் தங்கச்சிதான். ஏப்ரல் 6 அன்று விடிந்ததும் கிளம்பி, பிராட்வேயில் பஸ் மாறி வந்த அத்தை, மை வைத்த விரலைக் காட்டிவிட்டு, "பழைய வீட்டு வாசலைப் பாத்துட்டுப் போறேன்பா" என்றார். அங்கே இப்போது தகரத் தடுப்புதான் இருக்கிறது. ஆனாலும் போய்ப் பார்த்தார்.

காசிமேட்டு ஏலத்துக்குப் போய்வந்து தெருமுனையில் கூடை வைக்கும் அக்காவுக்கு அடுத்த நன்றி. யார் வீட்டு ஆள் கடலுக்குப் போயிருக்கிறான், எப்போது கரைக்கு வருவான் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அவர் சொன்ன நேரத்துக்குத்தான் நாங்கள் கதவைத் தட்டினோம். ஒரு வீட்டில்கூட ஏமாறவில்லை.

அப்புறம், எதிர்க்கட்சிக்கு ஒரு நன்றி. யாரும் முகம் சுளிக்க வேண்டாம். காலை 5.30-க்கு மாதிரி வாக்குப்பதிவில் ஆரம்பித்து அன்றைக்கு முழுக்க பூத்தை விட்டு நான் நகரவில்லை. மதியம் எங்கள் சாப்பாடு வரவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி நடுவில் நின்றுவிட்டது, பிரியாணிப் பொட்டலம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். (கேட்டில் பாலம் கேட்டு எத்தனை தேர்தல் போயிற்று! புது எம்.எல்.ஏ. அண்ணனுக்கு இதையே முதல் மனுவாக வைக்கிறேன்.) இரட்டை இலை ஏஜென்ட் தன் டிபன் பாக்ஸ் மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்து, "சாப்பிடுப்பா, ஓட்டு மட்டும் கேட்காதே" என்றார். ராத்திரி, பூத்தில் பதிவான வாக்குக் கணக்கு எழுதிய 17சி படிவத்தை வாங்கிக்கொண்டு இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம்.

காற்று நம் பக்கம் வீசியதும் உண்மைதான். சென்னையின் 16 தொகுதியும் நம் கூட்டணிக்கு வந்தது. 1991 முதல் 1996 ஒரு முறை தவிரத் தோற்காத ஜெயக்குமாரே ராயபுரத்தில் தோற்றார். மாதா கோயிலும் மசூதியும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் வடசென்னையில் தாமரையோடு கைகோத்தது அவர்கள் செய்த தப்பு என்பது என் எண்ணம். தினகரன் கட்சி தனியாக நின்றதும் நமக்கு உதவியது. ஆனால் சென்னை மாவட்டத்தில் 60 சதவீதம்கூட ஓட்டு விழவில்லை. நம்மை வேண்டாம் என்றவர்களைவிட வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள்தான் எனக்குக் கவலை.

பெரும்பாக்கத்து அத்தைக்கு: பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று 7-ஆம் தேதி முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். 10-ஆம் தேதி ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுவிட்டது, என்ன செய்வது! ஓடத் தொடங்கியதும் வாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிய பிரியாணி பாக்கி இருக்கிறது.

தங்கச்சிக்கு: பட்டியல் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. 2016-லிருந்து மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை, அந்தத் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பென்சிலைச் சீவி வை.

இப்படிக்கு,
உங்கள் பூத் ஏஜென்ட்