தொடங்கி வைத்த மாத்திரையை நிறுத்தியும் வையுங்கள்: எலும்பு முறிவு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். டிராமடால், டாபென்டடால் மாதிரி ஓபியாய்டு வகை (மார்பினைப் போல வேலை செய்யும்) வலி மாத்திரை எழுதினால், அதை எந்தத் தேதியில் குறைக்க ஆரம்பிக்க வேண்டும், எப்படிக் குறைத்து எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அதே சீட்டில், அதே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

எனக்கு வயது 24. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஸ்கூட்டியில் போனபோது டெம்போ ஒன்று இடித்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாக உடைந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராடு வைத்தார்கள். கால் அருமையாகச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு நான் நடப்பதைப் பார்த்தால் விபத்து நடந்ததே தெரியாது. அந்த வேலையில் எனக்கு எள்ளளவும் குறை இல்லை.

வீட்டுக்கு வரும்போது கொடுத்த சீட்டில் டிராமடால் 37.5, பாரசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை இருந்தது. 1-0-1. எத்தனை நாளைக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் 'ரிவியூ வரை' என்று இருந்தது. ரிவியூவில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா கூடிட்டு வருதும்மா" என்று சொல்லிவிட்டு, சீட்டில் சி.எஸ்.டி. என்று மூன்று எழுத்து கிறுக்கினார்கள். பழைய மருந்தையே தொடரச் சொல்லும் குறிப்பு அது. அடுத்த ரிவியூவிலும் அதே மூன்று எழுத்து. ஒரு மாதம் மூன்று மாதமானது. நடுவில் வலி அதிகம் என்று சொன்னபோது 1-1-1 ஆனது. எலும்பைப் பற்றி ஒவ்வொரு முறையும் பேசினோம். மாத்திரையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கலுக்குக் காங்கேயம் பக்கம் அம்மிச்சி வீட்டுக்குப் போனோம். மாத்திரை அட்டையை எடுத்து வைக்க மறந்துவிட்டது. வலி பெரிதாக இல்லை, ரெண்டு நாள் தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் சாயந்திரம் கொட்டாவியில் ஆரம்பித்தது. வாயை மூட முடியாத அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. சளி பிடித்துவிட்டது என்று நினைத்தோம். ராத்திரி வயிற்றைப் பிசைந்து நாலைந்து முறை வெளியே போனேன். உடம்பெல்லாம் வியர்த்தது, அதே சமயம் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அப்புறம் கால் குடைச்சல். நீட்டினாலும் முடியவில்லை, மடக்கினாலும் முடியவில்லை, விடிய விடியத் திண்ணையில் நடந்துகொண்டே இருந்தேன். உடைந்த கால் மட்டும் குடைந்திருந்தால் பரவாயில்லை, உடையாத வலது காலும் சேர்ந்து குடைந்தது. கண்ணை மூடினால் தலைக்குள் பளீர் என்று கரண்ட் அடித்தது போல இருந்தது. காரணமே இல்லாமல் பயம். அடுத்த அறையில் யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று தோன்றுகிற பயம்.

அம்மிச்சி, "கண்ணு பட்டிருக்கும் சாமி, மந்திரிச்சுட்டு வந்தா சரியாப் போயிரும்" என்றார். அம்மா டெங்கு என்று பயந்து நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், தட்டணுக்கள் சரியாக இருந்தன, டெங்கு இல்லை. பார்த்த டாக்டர், "டென்ஷன்தான், நல்லா தூங்கினா சரியாயிடும்" என்றார். தூக்கம்தான் வரவில்லை என்று வந்தேன், சரி, அதை விடுங்கள். வீடு திரும்பியதும் கால் குடைச்சல் தாங்காமல் பழைய அட்டையில் இருந்து ஒரு மாத்திரை போட்டேன். கொஞ்ச நேரத்தில் குடைச்சல் நின்றது. மூக்கு ஒழுகுவது நின்றது. வயிறும் அடங்கியது. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வலி மாத்திரை எப்படிக் கேட்கும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதன் காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இதைப் படிக்கப் போகும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 1970-களில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த டிராமடால் ரெண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம் மார்பினைப் போல மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளைப் பிடிக்கிறது. இன்னொரு பக்கம், சில மனச்சோர்வு மருந்துகளைப் போல செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்களை நரம்புகளுக்கு நடுவே தேக்கி வைக்கிறது. திடீரென்று நிறுத்தினால் ரெண்டு தரப்பும் ஒன்றாகக் கணக்குக் கேட்கின்றன. கொட்டாவி, வியர்வை, குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் முதல் தரப்பு. தலைக்குள் அடித்த கரண்டும் அந்தப் பயமும் ரெண்டாவது தரப்பு. எல்லோருக்கும் அது வருவதில்லை, சிலருக்கு வருகிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு நாளுக்குள் தொடங்கி, ரெண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கமும் மனசும் சரியாக வாரக் கணக்கில் ஆகும்.

நான் அடுத்த ரிவியூவில் இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது அடிக்‌ஷன் ஆகிற மாத்திரைம்மா, இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கேட்டது எப்படி நிறுத்துவது என்று. அம்மாவின் காதில் விழுந்தது 'அடிக்‌ஷன்' மட்டும். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா என் கைப்பையைத் தேடினார். அதற்குப் பிறகு மாத்திரையும் நானும் ஒரே ஜாடையில்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தோம்.

உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப் போவது ஒன்று, அந்த மருந்தைத் தேடி அலைவது வேறு. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு, டாக்டர் சொன்னபடி மருந்து சாப்பிட்டவருக்கு அதை நிறுத்தும்போது வரும் விலகல் தொல்லையைப் போதை நோய்க்கான அறிகுறியாக எண்ணக்கூடாது என்றே சொல்கிறது. இது உங்கள் துறைப் புத்தகம் இல்லை என்று தெரியும். ஆனால் மாத்திரை உங்கள் சீட்டில் இருந்துதானே வந்தது?

'இன்றைக்கே நிறுத்து' என்பதும் சரியான வைத்தியம் இல்லை. நீண்ட நாள் ஓபியாய்டு சாப்பிட்டு உடம்பு பழகியவர்களுக்குத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலிலேயே எச்சரித்தது. கடும் விலகல், அடங்காத வலி, தற்கொலை எண்ணம் வரை போகும் என்பதுதான் காரணம். 2022-ல் அந்த நாட்டின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. வெளியிட்ட வழிகாட்டியும் படிப்படியாகக் குறைப்பதைத்தான் சொல்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம் குறைத்தாலே போதும், குறைந்த காலம் சாப்பிட்டவர்களுக்கு வேகமாகக் குறைக்கலாம் என்கிறது. அதே சி.டி.சி. 2017-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இன்னும் முக்கியம். முதல் தடவை குறைந்தது ஒரு நாளாவது ஓபியாய்டு சாப்பிட்டவர்களில், ஒரு வருஷம் கழித்தும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 6 சதவீதம். முதல் தடவையே ஒரு மாதமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்கள் என்றால் கிட்டத்தட்ட 30 சதவீதம். அமெரிக்கக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. 'ரிவியூ வரை' என்ற வரி எத்தனை கனமானது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னைக் கரை சேர்த்தது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நின்று, கதவுக்கு மேலே இருந்த பலகையை யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "இப்ப ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடறே?" என்றுதான். ஏன் சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. நான் சொன்ன எண்ணிக்கையை வைத்து பாரசிட்டமால் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்த்து, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். வலிப்பு வந்ததுண்டா, வேறு மனநல மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரலாம், சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதினார். முதலில் மதிய மாத்திரை போகும், அது பழகிய பிறகு காலையில் பாதி, அப்புறம் அந்தப் பாதியும். ராத்திரி மாத்திரைதான் கடைசி. கஷ்டமாக இருந்தால் அதே படியில் இன்னும் ஒரு வாரம் நில், ஆனால் மேலே ஏறாதே என்றார். குடைச்சலுக்கும் தூக்கத்துக்கும் தனியாக மருந்து கொடுத்தார். முழுவதும் நிறுத்திய பிறகு எப்போதாவது ஆசைப்பட்டுப் பழைய அளவை ஒரே மூச்சில் போட்டால், பழக்கம் விட்டுப்போன உடம்புக்கு மூச்சே நின்றுபோகலாம் என்று அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அம்மா அன்றைக்குத்தான் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்ப்பதை விட்டார். நான் கேட்கும் ஒரு வரியின் பெரிய வடிவம் அந்தத் தாள்தான். என் பீரோவில் எக்ஸ்ரே கவரோடு இருக்கிறது.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடைசி அரை மாத்திரையை விடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. உடம்புக்கு அது ஒன்றுமே இல்லை, மனசு விடவில்லை. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஓ.ஆர்.எஸ். குடிப்பேன். கம்பெனியில் கணக்கு தப்பாகப் போய் முதலாளி கத்தியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் நடந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "பரீட்சைக்குப் படிக்கிறியா கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்க்கா என்றேன்.

மெடிக்கல் ஷாப்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2018-ல் டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நான் பழைய சீட்டை நீட்டியபோது ஒருவர், "இது ஸ்டாக் இல்லைம்மா, இது இருக்கு, இன்னும் பவரு" என்று டாபென்டடால் அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாபென்டடாலும் கேரிசோப்ரடால் என்ற தசை தளர்த்தும் மருந்தும் கலந்த மாத்திரை நம் நாட்டில் இருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது வெளியே வந்த பிறகு, 2025 பிப்ரவரியில் அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை போட்டது. நல்லது. ஆனால் சீட்டில் நிறுத்தும் தேதி இருந்தால், கடைக்காரருக்கும் இல்லை என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். தேதி இல்லாத சீட்டு அவருக்குத் திறந்த கதவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வலி மாத்திரையே எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எலும்பு உடைந்த அந்த முதல் வாரத்தில் மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை. புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். என் கதையைக் காட்டி யாராவது அவர்களுடைய மருந்தில் கை வைத்தால் அதைவிடப் பாவம் இல்லை.

நீங்கள் ஒரு நாளில் பார்க்கும் கூட்டம் எனக்குத் தெரியும். டோக்கன் 80-ல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பெரிதாகக் கேட்கவில்லை. சீட்டில் தேதி. ரிவியூவில், எக்ஸ்ரே பார்க்கும் முன், "மாத்திரை இன்னும் சாப்பிடறியாம்மா? ஒரு வேளை விட்டா எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி. பழகிவிட்டது என்று யாராவது சொன்னால், கூட வந்தவர்கள் முன்னால் அடிக்‌ஷன் என்று சொல்லாமல், மனநல டாக்டருக்கு ஒரு ரெஃபரல் கடிதம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 2017-ம் வருஷ மனநலச் சட்டம் எங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. போதைப் பழக்கம் சார்ந்த மனநலச் சிக்கல்களும் அந்தச் சட்டத்தில் அடங்கும். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நான் தேடித் தேடித்தான் கண்டுபிடித்தேன். உங்கள் ஓ.பி. அறைச் சுவரில் கால்சியம் மாத்திரை விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் கொஞ்ச இடம்தான் பிடிக்கும்.

எனக்கு ராடு எடுக்க வேண்டிய நேரம் வருகிறது. மறுபடி கத்தி, மறுபடி வலி, மறுபடி மாத்திரை. நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. முன்பு டிராமடாலுக்குப் பழகியவள் என்பதை அட்மிஷன் போடும்போதே சொல்லிவிடுவேன், அம்மா பக்கத்தில் இருந்தாலும். டிஸ்சார்ஜ் அன்று நிறுத்தும் தேதியை எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி,
திருப்பூர்.