ஏற்காட்டுத் தொட்டிக்கு ஒரு கடிதம்

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தமிழரசி,

உன் கடிதமும் மீன் படங்களும் வந்தன. பேரன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாயே, முதலில் அவனிடம் சொல்: அவனுடைய ஒராண்டா, அந்தக் கோல்ட்ஃபிஷ், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலின் ஓரம்தான் பால்வெள்ளையாகிப் பிய்ந்திருக்கிறது, வால் அழுகல் நோய்தான். வால் உடம்போடு சேரும் இடத்தில் சிவப்போ புண்ணோ இல்லை. அந்த அடிப்பாகம் நன்றாக இருக்கும்வரை துடுப்பு திரும்ப வளரும்.

இங்கே ஆடி களை கட்டிவிட்டது. குகையில் வண்டி வேடிக்கைக்கு இந்த வருஷமாவது நீ இறங்கி வருவாய் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்றதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம், மீனுக்கு வருகிறேன்.

கடையில் கொடுத்த நீல மருந்தை இன்னும் ஊற்றவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது, ஊற்றாதே. அது மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு உதவும். ஆனால் தொட்டியில் அப்படியே ஊற்றினால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். உன் மீனுக்கு இப்போது அந்த நல்ல பாக்டீரியாதான் வேண்டும்.

வால் அழுகலை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் எங்கிருந்தோ புதிதாக வந்தவை இல்லை. அவை எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கும். திடமான மீனை ஒன்றும் செய்யாது. தண்ணீர் கெட்டு மீன் சோர்ந்தால்தான் மெல்லிய ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பிக்கும். அதனால் தண்ணீரைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் ஊற்றினால், மருந்து நின்றதும் நோய் திரும்பிவிடும். பேரன் வயசுப் பையன்களுக்குக் கடையில் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். விற்பது மட்டும் என்னவோ உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை. எனக்கு அதைப் பார்த்தாலே மனசு பதறும்.

உன் தொட்டி 30 லிட்டர், மீன் இரண்டு, தீனி மூன்று வேளை. இதிலேயே காரணம் தெரிகிறது. கோல்ட்ஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழியும். கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு கொடியது இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளிரில் இன்னும் தாமதமாகும். உன் தொட்டி வைத்தே ஒரு மாதம்தான் ஆகிறது, அதுவும் ஆடிச் சாரலில்.

இதோடு இன்னொன்றும் உண்டு. மீனை வாங்கியது சேலத்தில். எங்கள் போர் தண்ணீரில் பாத்திரம் முழுக்க வெள்ளை படியும், அவ்வளவு கடினம். உன் கிணற்றுத் தண்ணீரில் அப்படிப் படிவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரே நாளில் தண்ணீரும் மாறி, குளிரும் மாறினால் எந்த மீனும் தளர்ந்துபோகும். கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் குளிர் பகை இல்லை, 18 முதல் 23 டிகிரி வரை சுகமாக இருக்கும். திடீர் மாற்றம்தான் ஆகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் 40 லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, தொட்டித் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி நோய்ப்பட்ட மீனை மட்டும் அதில் விடு. குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு போடு, அல்லது ஒரு நாள் முழுக்கத் திறந்து வை. அயோடின் சேர்க்காத கல்லுப்பு வாங்கு. லிட்டருக்கு 1 கிராம் கணக்கில், டப்புக்கு 40 கிராம், ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்று. மறுநாள் இன்னொரு 40 கிராம். மீன் அமைதியாக இருந்தால் அதற்கு அடுத்த நாள் இன்னொரு 40. அதோடு போதும். தினமும் பாதித் தண்ணீரை மாற்று. உப்பு ஆவியாகாது, அதனால் எவ்வளவு தண்ணீரை எடுத்தாயோ அதற்கு மட்டும்தான் திரும்ப உப்பு. இதில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். தினமும் முழுக் கணக்கும் போட்டால் நாலு நாளில் மீன் தவித்துப்போகும். தொட்டியில் செடியோ நத்தையோ இருந்தால் அங்கே உப்பு போடாதே.

வெந்நீர் ஹீட்டர் வைத்து 30 டிகிரிக்கு ஏற்றச் சொன்னார்களாமே, வேண்டாம். அது வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செய்வது. இதில் சூடு ஏறினால் கிருமியும் வேகமாகப் பெருகும், தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும். மாத்திரைக் கடையில் கிடைக்கும் மனுஷ ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவதும் வேண்டாம்.

தொட்டியிலேயே இருக்கும் மற்ற மீனுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்பங்கு தண்ணீர் மாற்று. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதே, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிடு. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. பேரனுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், மீன் வாயைத் திறந்து திறந்து கேட்கும். பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து வாரம் ஒரு தடவை அவன் கையால் போடட்டும்.

ஒரு வாரம் பத்து நாளில் பிய்தல் நின்று, ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கோடு தெரியும். அது புதுத் துடுப்பு. ஓரம் கறுத்தாலும் பயப்படாதே, அமோனியா பட்ட இடம் ஆறும்போது பெரும்பாலும் அப்படித்தான் கறுக்கும். ஆனால் சிவப்பு வாலின் அடிக்குப் போனாலோ, மீன் தீனியைத் தொடாவிட்டாலோ, செதில் சிலிர்த்து நின்றாலோ காத்திருக்காதே, கால்நடை மருத்துவரைப் பார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். போக வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்.

அப்புறம், தொட்டி விஷயம். இரண்டு ஒராண்டாவுக்கு 100 லிட்டராவது வேண்டும். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் மீன், பேரன் கல்லூரிக்குப் போகும்போதும் இருக்கும். என் வராந்தாவில் 120 லிட்டர் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையும், என் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரத்தோடு பையில் போட்டும் எடுத்துவருகிறேன். அந்த ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா ஊறியிருக்கும், ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். என் மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. இந்த ஞாயிறு வீட்டில் இருப்பாயா? இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும், தம்பியிடம் கார் கேட்டிருக்கிறேன்.

அதுவரை தினமும் காலையில் வெளிச்சத்தில் வாலைப் படம் எடுத்து அனுப்பு. பக்கவாட்டிலிருந்து எடு, மேலிருந்து எடுத்தால் ஓரம் தெரிவதில்லை.

அன்புடன்,
வசந்தா